கருவுற்ற தாயின் தட்டில் எந்தக் கொழுப்பு?



உங்கள் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் உங்கள் மகளாக இருக்கலாம், மருமகளாகவும் இருக்கலாம். உங்கள் வீடு சேலம் கோட்டைப் பகுதியிலோ, ஆத்தூரிலோ, ராசிபுரத்திலோ, நாமக்கல்லிலோ இருக்கலாம். அவள் சாப்பிட உட்காரும் வேளையில் இரண்டு குரல்கள் எழும். "சோற்றில் நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொள், அப்போதுதான் பிரசவம் இலேசாகும்" என்பது வீட்டுப் பெரியவர்களின் குரல். "நெய், எண்ணெய் எதையும் தொடாதே, உடம்பு பெருத்து ஆபரேஷனில் போய் முடியும்" என்பது அக்கம்பக்கத்தாரின் குரல்.

இரண்டுமே அன்பினால் சொல்லப்படுபவைதாம். ஆயினும் இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு என்று இரு தரப்பும் யோசிக்கின்றன. எந்தக் கொழுப்பு என்று எவரும் யோசிப்பதில்லை. வயிற்றில் வளரும் குழந்தையைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கடலுக்கு வெகு தொலைவில், சேர்வராயன், கொல்லி மலைகளின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் நம் சமவெளியில் வாழும் குடும்பங்கள் அதைக் கட்டாயம் கேட்டே ஆகவேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

உடலால் ஆக்கிக்கொள்ள முடியாதவை

கொழுப்பு என்றவுடன் தொந்தியும் மாரடைப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் வெளிச்சுவராக அமைந்திருப்பது கொழுப்பே. மனித மூளையில் நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவதில் பாதிக்கும் மேற்பட்டது கொழுப்புதான். கொழுப்பு இல்லாமல் குழந்தைக்கு மூளை இல்லை. கண்ணில் பார்வைத் திரை இல்லை. நரம்புகளுக்கு உறை இல்லை.

கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் சேர்ந்து உண்டாவது. அவற்றில் பெரும்பாலானவற்றை நம் உடலே அரிசியிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும்கூட ஆக்கிக்கொள்ளும். இரண்டை மட்டும் அதனால் ஆக்கிக்கொள்ள முடியாது. ஒன்று, ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலியிக் அமிலம். மற்றொன்று, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இவ்விரண்டும் உணவிலிருந்தே வந்தாக வேண்டும். எனவேதான் இவற்றை இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் என்கிறார்கள்.

இந்த உண்மையை உலகுக்கு முதலில் காட்டியவர்கள் ஒரு கணவனும் மனைவியும் ஆவர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இருவரும் 1929ஆம் ஆண்டில் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது, வளர்ச்சி நின்றது, இனப்பெருக்கமும் கெட்டது. சிறிதளவு லினோலியிக் அமிலத்தைக் கொடுத்ததும் அவை தேறின. கொழுப்பு வெறும் எரிபொருள் என்று அதுவரை நிலவி வந்த எண்ணம் அத்துடன் மாறியது.

ஒமேகா-3 வகையிலிருந்து உருவாகும் நீண்ட கொழுப்பு அமிலம் ஒன்று உண்டு. டொகோசஹெக்சயினோயிக் அமிலம் என்பது அதன் முழுப்பெயர், சுருக்கமாக டி.எச்.ஏ. என்பார்கள். மூளையிலும் கண்ணின் பார்வைத் திரையிலும் செறிந்திருப்பது இதுவே. ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து நம் உடல் இதை ஓரளவு ஆக்கிக்கொள்ளும். ஆனால் அந்த அளவு மிகவும் சொற்பம். ஆண்களைவிடப் பெண்களின் உடல் இதைச் சற்று அதிகமாகச் செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய்மைக்கென்றே பெண்ணுடலில் அமைந்த இந்த ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் மூலப்பொருளே தட்டில் இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு என்ன செய்யும்?

தாயின் இருப்பு கரையும் காலம்

கருவிலிருக்கும் குழந்தை தனக்கு வேண்டிய இந்த அமிலங்களைத் தாயின் இரத்தத்திலிருந்தே பெறுகிறது. நஞ்சுக்கொடியானது டி.எச்.ஏ.வைத் தேர்ந்தெடுத்துக் குழந்தையின் பக்கம் அனுப்பி வைக்கிறது. மூளை விரைந்து வளரும் கடைசி மூன்று மாதங்களில்தான் இது மிகுதியாக நடைபெறுகிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை இழப்பது எடையை மட்டுமன்று. தாயிடமிருந்து வரவேண்டிய இந்தக் கடைசிப் பங்கையும் அது இழக்கிறது.

நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பேராசிரியர் ஹோர்ன்ஸ்ட்ராவும் அவருடைய குழுவினரும் 1990களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மாதங்கள் ஏற ஏறத் தாயின் இரத்தத்தில் இன்றியமையாத கொழுப்பு அமிலங்களின் நிலை இறங்கி வந்தது. அது மட்டுமன்று. முதல் பிள்ளையைச் சுமக்கும் தாயைவிடப் பல பிள்ளைகளைப் பெற்ற தாயிடம் டி.எச்.ஏ. நிலை தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தாயின் சேமிப்பிலிருந்து எடுத்துச் செல்கிறது என்பதற்கு இது சான்றாகும். அடுத்தடுத்துக் கருவுறும் பெண்ணின் உணவில் நாம் இரட்டைக் கவனம் வைக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பிரசவத்துடனும் இந்தத் தேவை முடிந்துவிடுவதில்லை. தாய்ப்பாலிலுள்ள டி.எச்.ஏ.வும் தாயின் உடலிலிருந்தே செல்கிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்பும் தாய்க்குத் திருக்குர்ஆன் சொல்லும் காலம் இரண்டு ஆண்டுகள் என்பதை நாம் அறிவோம். அந்த இரண்டு ஆண்டுகளும் தாயின் தட்டைக் கவனிக்க வேண்டிய ஆண்டுகளே ஆகும்.

நம் அடுப்பங்கரையில் இருப்பவை

இனி உங்கள் வீட்டு எண்ணெய்ப் புட்டிகளைச் சற்றுப் பாருங்கள். நம் வட்டாரத்தில் பரம்பரையாகப் புழங்கி வருபவை கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும். பிற்காலத்தில் சூரியகாந்தி எண்ணெய் வந்தது. 2007ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடைகளில் பாமாயில் கிடைக்கிறது. விசேஷங்களுக்கு ராசிபுரம் நெய். சில வீடுகளில் பிரியாணிக்கு வனஸ்பதி.

இவற்றில் ஒமேகா-6 வகைக்குப் பஞ்சமே இல்லை. கடலை எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கும், சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேலும் லினோலியிக் அமிலமே. பாமாயிலில் அது பத்தில் ஒரு பங்கு அளவு. தேங்காய் எண்ணெயிலும் நெய்யிலும் மிகக் குறைவு. ஆனால் ஒமேகா-3? மேலே சொன்ன எந்த எண்ணெயிலும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க அளவில் இல்லை. சோயா எண்ணெயில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவிலும், வட இந்தியர் விரும்பும் கடுகெண்ணெயில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கிறது. நம் அடுப்பங்கரைகளில் இவ்விரண்டும் அரிது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டையும் உடலில் மாற்றியமைக்கும் நொதிகள் ஒன்றேதாம். ஒரே கல்லில் இரண்டு வீட்டார் மாவரைப்பது போன்றது இது. ஒரு வீட்டார் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால், ஒரு படியுடன் வந்த மற்றவர் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சூரியகாந்தி எண்ணெயை மட்டுமே ஆண்டு முழுவதும் புழங்கும் வீட்டில், உணவிலுள்ள சிறிதளவு ஒமேகா-3க்கும் அந்தக் கதிதான் நேர்கிறது.

இந்தியர்களின் உணவில் ஒமேகா-3 எவ்வளவு, எதிலிருந்து வருகிறது என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டாக்டர் கஃபூருன்னிஸா. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானியாக விளங்கிய பெண்மணி அவர். அந்நிறுவனத்தின் வேர் நம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. 1918ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வகமே வளர்ந்து, 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்குச் சென்றது. ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று எண்ணெய்களைக் கலந்தோ மாற்றி மாற்றியோ பயன்படுத்த வேண்டும், ஒமேகா-3 தரும் உணவுகளைக் கூட்ட வேண்டும், வனஸ்பதியைக் குறைக்க வேண்டும் என்பன அங்கு நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த அறிவுரைகள்.

நெய்யின் கதை என்ன?

நெய் நஞ்சன்று. மெலிந்த பெண்ணுக்கு அது எளிதில் சீரணமாகும் சக்தியைத் தரும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் பேரீச்சம்பழத்துடன் நெய்யும் இடம்பெற்றது. ஆனால் நெய் பிரசவப் பாதையை வழுக்கச் செய்யும் என்பது வெறும் நம்பிக்கையே. உண்ணும் நெய் குடலில் சீரணமாகி இரத்தத்தில் கலக்கிறது. கருப்பைக்கு அது எண்ணெய் போடுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி நெய் ருசிக்கும் சக்திக்கும் போதும். மீன், முட்டை, கீரை ஆகியவற்றின் இடத்தை நெய்க்குக் கொடுத்துவிடலாகாது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் எண்ணெயும் நெய்யும் சேர்த்துக் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010ஆம் ஆண்டில் வகுத்தது. மற்றவர்களுக்கு 20 முதல் 25 கிராம் என்று கொண்டால், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் நான்கு லிட்டருக்குள் அடங்க வேண்டும். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு லிட்டர் வாங்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அப்படியிருந்தும் அந்த வீட்டுக் கர்ப்பிணியின் இரத்தத்தில் ஒமேகா-3 வறண்டிருக்கக்கூடும். எண்ணெய் மிகுந்த வீட்டிலும் கொழுப்புச் சத்துக் குறை இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

நம் நாட்டு ஆய்வுகள் சொல்வன

புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் உழைக்கும் ஏழைத் தாய்மாரின் உணவை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. கீரையும் பழமும் பாலும் அடிக்கடி உண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் வளர்ச்சியில் சற்றுப் பெரியவையாக இருந்தன. பதினெட்டாவது வாரத்தில் உணவில் கொழுப்புக் கூடுதலாக இருந்த தாய்மாரின் குழந்தைகள் நீளத்திலும் எடையிலும் மேம்பட்டிருந்தன. வறுமையில் வாடும் தாய்க்குக் கொழுப்பை அறவே விலக்கச் சொல்வது எவ்வளவு பெரிய தவறு என்பதை இது உணர்த்துகிறது.

சேலத்துக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் செயிண்ட் ஜான்ஸ் ஆய்வாளர்கள் 676 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடைசி மூன்று மாதங்களில் மீனே உண்ணாத பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, மீன் உண்டவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. எடை குறைந்த குழந்தை என்பது இரண்டரைக் கிலோவுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையாகும். இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டும். மீன் ஒன்றே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆயினும் கடலில்லா ஊரில் வாழும் நமக்கு இது ஒரு தக்க எச்சரிக்கை.

மாத்திரை வாங்க வேண்டுமா?

டி.எச்.ஏ. மாத்திரைகள் இப்போது மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. "பிள்ளை அறிவாளியாகப் பிறக்கும்" என்ற ஆசையில் கடன்பட்டும் வாங்குவோர் உண்டு. உண்மை நிலை என்ன?

கர்நாடகத்தின் பெலகாவியில் 957 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் டி.எச்.ஏ.வும், மறுபாதியினருக்குச் சத்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை இது தொடர்ந்தது. குழந்தைகளுக்கு ஒரு வயதானபோது சோதித்ததில், இரு சாராரின் அறிவு வளர்ச்சியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே மாத்திரை விழுங்கி மேதையைப் பெற்றுவிடலாம் என்பது வீண் ஆசையே.

ஆனால் குறைப்பிரசவத்தைப் பொறுத்தவரை செய்தி வேறு. உலகெங்கும் நடந்த 70 ஆய்வுகளை, ஏறத்தாழ 20 ஆயிரம் பெண்களைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒமேகா-3 கூடுதலாகப் பெற்றவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே நேரும் பிரசவம் நூற்றுக்கு 4.6 என்பதிலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தது. மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் 5,500க்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் நடந்த ஆய்வு அத்தகைய பயனைக் காட்டவில்லை. ஏன் இந்த முரண்பாடு? மேலும் ஆராய்ந்தபோது, இரத்தத்தில் ஒமேகா-3 குறைவாக இருந்த தாய்மாருக்கே பயன் கிட்டுகிறது, ஏற்கெனவே போதுமான அளவு இருந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று தெரிந்தது. தாகமுள்ளவனுக்கே தண்ணீர் பயன்படும்; வயிறு முட்டக் குடித்தவனுக்கு அது சுமை.

ஆகவே மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். குறிப்பாக, முன்பு குறைப்பிரசவம் நேர்ந்தவர்கள், மீன் முட்டை எதையும் உண்ண முடியாதவர்கள் அவரிடம் இதைக் கேட்க வேண்டும். அவ்வாறு வாங்க நேர்ந்தால் மேலுறையைப் படியுங்கள். உள்ளிருக்கும் எண்ணெய் மீனுடையதாயினும், வெளிக்கூடு விலங்கின் ஜெலட்டினால் ஆனதாக இருக்கலாம். அது எந்த விலங்கினுடையது என்ற ஐயம் நம்மவர்க்கு எழுவது இயல்பு. கடற்பாசி வகை நுண்ணுயிரிலிருந்து எடுத்த டி.எச்.ஏ.வும், தாவரக் கூடுள்ள மாத்திரைகளும் கிடைக்கின்றன. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம். அரசு மருத்துவமனையில் தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளை நிறுத்திவிட்டு இதை வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரத்தசோகையைத் தீர்ப்பது அவைதாம்.

நம் மண்ணே தரும் வழிகள்

கடல் நமக்குத் தொலைவுதான். ஆனால் இந்தியாவின் முட்டைக் களஞ்சியங்களில் ஒன்று நம் நாமக்கல். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து லாரிகளில் புறப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. பண்ணைகளின் நடுவில் வாழும் நம் கர்ப்பிணியின் தட்டுக்கு அதில் ஒன்று தினமும் வருகிறதா?

ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதமும் ஐந்து கிராம் அளவுக்குக் கொழுப்பும் உண்டு. குழந்தையின் மூளைக்கு வேண்டிய கோலின் என்னும் சத்துக்கு முட்டையின் மஞ்சள் கரு சிறந்த இருப்பிடம். சில பத்து மில்லிகிராம் டி.எச்.ஏ.வும் அந்த மஞ்சள் கருவிலேயே இருக்கிறது. "மஞ்சள் கரு சூடு" என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு வெள்ளைக் கருவை மட்டும் கொடுப்பது, பழத்தை எறிந்துவிட்டுத் தோலை உண்பதற்கு ஒப்பாகும்.

கோழி எதைத் தின்கிறதோ அதுவே முட்டையில் இறங்குகிறது என்பதும் அறியத்தக்கது. கிரேக்க நாட்டுக் கிராமத்தில் புல்லும் பூச்சியும் பருப்புக்கீரையும் மேய்ந்து திரிந்த கோழிகளின் முட்டையையும், அமெரிக்கக் கடை முட்டையையும் 1989ஆம் ஆண்டில் ஒப்பிட்டார்கள். ஒமேகா-3 ஒரு பங்குக்கு ஒமேகா-6 கிரேக்க முட்டையில் 1.3 பங்கு, அமெரிக்க முட்டையில் 19.4 பங்கு! மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்னும் பண்ணைக் கோழியின் முட்டையில் ஒமேகா-3 குறைவாகவே இருக்கும். ஆளி விதையைத் தீவனத்தில் சேர்த்தால் அது உயர்கிறது. அத்தகைய முட்டைகள் கடைகளில் விலை கூடுதலாகக் கிடைக்கின்றன. கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்க இடமுள்ளவர்கள், மேயவிட்டு வளர்த்தால் அதுவே போதும். அதற்கு வழியில்லாதவர்கள் சாதாரணப் பண்ணை முட்டையையே நாளுக்கு ஒன்று கொடுங்கள். முட்டையே இல்லாதிருப்பதைவிட அது பன்மடங்கு மேலானது. முழுவதும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். அரைவேக்காடும் பச்சை முட்டையும் கர்ப்பிணிக்கு ஆகா.

அடுத்தது மீன். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. வேண்டும் என்பது உலக உணவு, சுகாதார அமைப்புகளின் நிபுணர் குழு 2008ஆம் ஆண்டில் கூடி வகுத்த அளவு. ஏழையின் மீன் என்று நாம் இளக்காரமாகப் பார்க்கும் மத்தி இதில் வஞ்சிரத்துக்குச் சளைத்ததன்று. கொழுத்த மத்தியின் 100 கிராமில் ஒரு கிராம் அளவுக்கு நீண்ட ஒமேகா-3 அமிலங்கள் உண்டு. வாரம் இரண்டு முறை 100 கிராம் வீதம் உண்டால், ஏழு நாளுக்குப் பகிர்ந்து பார்க்கையில் தேவை ஏறத்தாழ நிறைவேறிவிடும். அயிலையும் நல்லதே. இவை ஐஸ் பெட்டியில் நம் மீன் அங்காடிகளுக்கும் வந்து சேர்கின்றன. மேட்டூர் அணையில் கிடைக்கும் ரோகு, கட்லா போன்ற நன்னீர் மீன்களில் இந்தச் சத்து கடல் மீனைவிடக் குறைவு. ஆயினும் புரதத்துக்கும் ஓரளவு ஒமேகா-3க்கும் அவை உதவும். மீனைச் சூரியகாந்தி எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பதே சிறந்தது. மீனிலிருந்து இறங்கும் கொழுப்பு குழம்பிலேயே தங்கும். பெரிய சுறாவைக் கர்ப்ப காலத்தில் தவிர்த்துவிடுங்கள். கடலில் நெடுநாள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்னும் மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறு மீன்களில் அந்த அச்சம் குறைவு.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு. தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் கொழுப்பு மறைந்திருக்கிறது. உளுந்திலுள்ள சிறிதளவு கொழுப்பில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கணிசமாக உண்டு. நம் பகுதியின் கம்பிலும், பருப்புக்கீரை முதலிய கீரைகளிலும் அது இருக்கிறது. பெண் பிள்ளைகள் பெரியவளானபோது நாம் செய்து கொடுக்கும் உளுந்தங்களியைக் கருவுற்ற காலத்தில் மறந்துவிடுவானேன்? காலையில் கம்பங்கூழ், மதியம் ஒரு கை கீரை, மாலையில் சிறிது உளுந்தங்களி என்று வைத்துக்கொண்டால் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் களியில் கருப்பட்டியைத் தவிர்க்க வேண்டும்.

விலக்க வேண்டியவை

முதலாவது, வனஸ்பதி. 1937ஆம் ஆண்டில் டால்டா என்ற பெயருடன் நம் நாட்டு அடுப்பங்கரைகளில் நுழைந்த இந்தச் செயற்கை நெய்யில் டிரான்ஸ் கொழுப்பு மிகுந்திருந்தது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடையும். இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் உடலில் மாற்றம் பெறுவதற்கும் இடையூறு செய்யும். எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. விதி வந்துவிட்டது என்பதற்காகக் கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இரண்டாவது, சுட்ட எண்ணெயை மீண்டும் மீண்டும் சுடுவது. வடைச் சட்டியில் மிஞ்சிய எண்ணெயை மறுநாள் பஜ்ஜிக்கும், மூன்றாம் நாள் தாளிக்கவும் பயன்படுத்துவதைச் சிக்கனம் என்று எண்ணுகிறோம். அந்தச் சிக்கனத்துக்கான விலையை வயிற்றுப் பிள்ளை கொடுக்கிறது.

மூன்றாவது, ஈரலும் மீன் ஈரல் எண்ணெயும். இரத்தம் ஊறும் என்று ஆட்டு ஈரலை அடிக்கடி கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். ஈரலில் வைட்டமின் ஏ மிக மிகுதி. முதல் மூன்று மாதங்களில் அது அளவுக்கு மீறினால் குழந்தையின் உறுப்பமைப்பைப் பாதிக்கக்கூடும். காட் மீனின் ஈரல் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ரமளான் மாதத்தில்

தனக்கோ வயிற்றுப் பிள்ளைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பிறகு அதை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். தன் உடல் தாங்குமா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவ்விருவரையும் கேட்காமல், "மற்றவர்கள் என்ன சொல்வார்களோ" என்று தன்னை வருத்திக்கொள்வது தேவையற்றது.

நோன்பு திறக்கும் வேளையில் சமோசாவும் வடையும் பஜ்ஜியும் குவியும் தட்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். மாதத்தின் முப்பது நாளும் பொரித்த பண்டங்களால் நிறைந்தால், ஒமேகா-6ம் சுட்ட எண்ணெயும் மட்டுமே உடலுக்குக் கிடைக்கும். பேரீச்சம்பழம், பாசிப்பருப்புச் சேர்த்த நோன்புக் கஞ்சி, ஓர் அவித்த முட்டை, பழம் என்று அமைத்துக்கொண்டால் கர்ப்பிணிக்கு மட்டுமன்றிக் குடும்பம் முழுவதற்குமே நலம். பொரித்த பண்டம் வாரம் ஓரிரு நாள் போதுமே!

முதல் தட்டு யாருக்கு?

சகோதரிகளே! இதுவரை சொன்ன எதுவும் பெரும் செலவுக்குரியதன்று. ஒரு முட்டை, நாலு மத்தி, ஒரு கட்டுக் கீரை, ஒரு கை உளுந்து. எண்ணெய்ச் செலவில் பாதியைக் குறைத்தாலே இவற்றுக்குக் காசு கிடைத்துவிடும். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

நம் வீடுகளில் உணவு பரிமாறும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆண்கள் உண்பார்கள், பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கர்ப்பிணி மருமகள் உட்காரும்போது சட்டியில் மீன் துண்டு தீர்ந்திருக்கும். குழம்பும் முள்ளும் மிச்சமிருக்கும். முட்டை எண்ணி அவித்ததில் ஒன்று குறைந்தால், குறைவது அவளுக்கே. எவரும் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. வழக்கம் செய்கிறது. ஆனால் வழக்கத்தை மாற்றும் அதிகாரம் அந்த மருமகளிடம் இல்லை. அகப்பையைக் கையில் வைத்திருக்கும் உங்களிடம் இருக்கிறது.

ஆகவே இன்று பகல் சோறு பரிமாறும்போது ஒன்று செய்யுங்கள். மற்றவர்கள் உட்காரும் முன்பே அவளுக்கான மீன் துண்டையும் முட்டையையும் கீரையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். பிரசவத்தன்று மருத்துவமனைத் தராசில் பேரக்குழந்தையை வைக்கும்போது முள் இரண்டரைக் கிலோவைத் தாண்ட வேண்டும் என்று நீங்கள் துஆ செய்வீர்கள் அல்லவா? அந்தத் துஆவுடன் இந்தக் கிண்ணமும் இருக்கட்டும்.